ஆயிரத்து இருநூற்று இருபது கலோரி

என் மனைவியின் செத்தவீடு முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு, அவள் அன்று அதுவரை நானூற்று ஆறு கலோரி எரித்திருப்பதாக என் போன் காட்டியது. நான் கட்டில் விளிம்பில் இருந்தேன். பக்கத்து மேசையில் அவளுடைய போனும், ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுத் தந்த அவளுடைய வோச்சும் சார்ஜரில் கிடந்தன. நான்தான் சொருகி வைத்தேன். அவளுடைய போனுக்குத் துக்கம் விசாரித்து இன்னும் அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. வோச்சை ஏன் சொருகினேன் என்று கேட்டால், பற்றரி குறைந்துவிட்டதென்று அதில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. வேறு காரணம் இல்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நானூற்று ஆறு நானூற்று ஏழானது.

அந்த வோச்சுகளை எங்களுக்கு வாங்கித் தந்தவள் மகள். நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் பிறந்தவள், நகர மையத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை, வோபர்னில் ஓர் அப்பார்ட்மென்ற்றில் தனியாக இருக்கிறாள். நாங்கள் மல்வேர்னில், அவள் வளர்ந்த அதே ரவுன்ஹவுஸ் வரிசைவீட்டில். எங்கள் இருவருக்கும் சீனி வருத்தம் என்று டொக்ரர் சொன்ன கிழமையே அவள் இரண்டு வோச்சுகளோடு வந்தாள். நாடித் துடிப்பு பார்க்கும் விலை கூடிய வகை அல்ல. கை அசைவதை வைத்துக் கணக்குப் பார்க்கும் சாதாரண வகை. எங்கள் போன்களில் செயலியை இறக்கி, வயது, உயரம், நிறை எல்லாம் கேட்டுக் கேட்டுப் பதிந்தாள். நிறையைச் சொல்ல மனைவி வெட்கப்பட்டாள். "அறுபத்தெட்டு எண்டு போடு" என்றாள். உண்மையில் அவளுக்கு அறுபத்தெட்டுத்தான். இரண்டைக் குறைத்துச் சொல்வாள் என்று நான் நினைத்திருந்தேன்.

மகள் எங்கள் மூவரையும் ஒரே குடும்பப் பக்கத்தில் சேர்த்துவிட்டாள். ஒருவர் எரித்த கலோரி மற்றவர்களுக்கும் தெரியும். கூடுதலாக எரித்தவரின் பெயர் மேலே வரும்.

என்னுடைய பெயர்தான் எப்போதும் மேலே வந்தது.

நான் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் என்ற பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறேன். எட்டு மணித்தியாலமும் இருந்தபடி வேலை. மனைவி ஒரு முதியோர் இல்லத்தில், சலவைப் பகுதியில். காலை ஐந்தரை மணிக்கு பஸ் எடுத்துப் போவாள். கட்டில் விரிப்புகள், துவாய்கள், வயோதிபர்களின் உடுப்புகள் எல்லாவற்றையும் துவைத்து, உலர்த்தி, மடித்து, வண்டிலில் போட்டுத் தளம் தளமாகக் கொண்டு போவது அவளுடைய வேலை. அப்படியிருந்தும் மாலையில் குடும்பப் பக்கத்தைத் திறந்தால் நான் அவளைவிட முந்நூறு, நானூறு கலோரி முன்னால் நின்றேன்.

"நான் நாள் முழுக்க வண்டில் தள்ளுறன், உந்தக் கோதாரி ஒண்டையும் எண்ணுதில்லை" என்பாள்.

"எண்ணுறதுக்கு நீர் நடக்க வேணுமெல்லே" என்பேன் நான்.

பகிடிதான். ஆனால் பகிடி மட்டும்தான் என்று சொன்னால் பொய். முப்பது வருடமாக அவள் என்னைவிடக் கடுமையாக உழைக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அது என்னை உள்ளூர உறுத்திக்கொண்டும் இருந்தது. இல்லை, அப்படி இல்லை என்று சொல்ல ஒரு கருவி வந்ததும் நான் அதை விரும்பி நம்பினேன்.

ஒரு வியாழக்கிழமை. எனக்கு விடுமுறை நாள். காலையிலிருந்து சோபாவில் கிடந்து தொலைக்காட்சி பார்த்தேன். குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துப் போனது தவிர ஒன்றும் செய்யவில்லை. நாலு மணிக்கு மனைவி வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே வாசல் படிக்கட்டில் இருந்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஏலாமக் கிடக்கு. இடியப்பத்தைக் கடையில எடுப்பமே? நடக்கவும் நான் வரேல்லை."

நான் போனைப் பார்த்தேன். "உமக்கு ஆயிரத்து எண்பதுதான் காட்டுது. நான் வீட்டில இருந்தே ஆயிரத்து இருநூறு தாண்டிட்டன். உதுக்குப் போய்க் களைப்பு எண்டுறீர்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"அப்ப எனக்குக் களைக்கேல்லைப் போல" என்றாள்.

சற்று நேரம் இருந்துவிட்டு எழுந்தாள். அன்றும் நாங்கள் வழக்கமாகப் பின்னேரங்களில் நடக்கும் குளத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்தோம். மேப்பிள் இலைகள் முக்கால்வாசி கொட்டியிருந்தன. அவள் வழக்கத்தைவிட மெதுவாக வந்தாள். நான் முன்னால் போய்ப் போய் நின்றேன். திரும்பி வரும்போது, இடது தோள் இரண்டு கிழமையாக நோகிறது என்றாள். வண்டில் தள்ளி வந்த நோவென்று நான் சொன்னேன். ஓம், அப்படித்தான் என்று அவளும் சொன்னாள். வீட்டுக்கு வந்து தைலம் பூசிவிட்டேன். அன்றைக்கு அவளுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதுவும் சரியான காரியம்தானா என்று இப்போது தெரியவில்லை.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் முற்பகல் பத்து மணிபோல, வேலையிடத்தில், உலர்த்தும் இயந்திரங்களுக்கு முன்னால் அவள் விழுந்தாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு. இளம் டொக்ரர் ஒருவர் என்னை ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப் போய், அண்மையில் நெஞ்சிலோ கையிலோ தோளிலோ நோவென்று சொன்னாரா என்று கேட்டார். தோள் நோவென்றவ, ஆனால் அது வேலையால் வந்தது என்றேன். அவர் தலையாட்டினார். அதற்கு மேல் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிறகு பல நாள் நினைத்தேன்.

நானூற்று ஏழைக் கண்ட காலை நான் முதலில் செய்தது, வோச்சைக் கையில் எடுத்துப் பார்த்ததுதான். அது சும்மா கிடந்தது. அடிகள்: பூச்சியம். தூரம்: பூச்சியம். கலோரி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது, கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒன்று. அடுத்த நாள் காலை முந்திய நாளின் மொத்தத்தைப் பார்த்தேன். ஆயிரத்து இருநூற்று இருபது. அதற்கடுத்த நாளும் ஆயிரத்து இருநூற்று இருபது.

எனக்குப் படிப்புக் குறைவு என்றாலும் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. ஏதோ கணக்கு இயந்திரத்துக்குள் தன்பாட்டில் ஓடுகிறது என்று விளங்கியது. விளங்கியும் என்னால் அதை நிறுத்த முடியவில்லை. சார்ஜரைப் பிடுங்கினால் போதும். இரண்டு தரம் வயரைப் பிடித்தேன். இரண்டு தரமும் விட்டுவிட்டேன்.

வேலைக்குத் திரும்பிய பிறகு மதியச் சாப்பாட்டு மேசையில் போனைத் திறப்பது பழக்கமாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு அறுநூற்றுப் பத்து. ஒரு நாளும் பிழைக்காது. பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறவர்கள் மகளோடு கதைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். சில நாள் அவளுடைய எண்ணைப் பார்த்தே நேரத்தைச் சொல்லிவிடுவேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் காற்சட்டைப் பைக்குள் போன் இருந்தது. ஆன்மா சாந்தியடையட்டும் என்று எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். இப்போது நானூற்று எண்பது வந்திருக்கும் என்று மனம் கணக்குப் பார்த்தது.

மகளுக்கு இதை நான் சொல்லவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்து, நான் மருந்துக் குளிசை போட்டேனா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போவாள். அம்மாவின் போன் ஏன் இன்னும் மேசையில் இருக்கிறது என்று அவள் ஒரு தரமும் கேட்கவில்லை.

தை மாதம் முதியோர் இல்லத்திலிருந்து அழைத்தார்கள். மனைவியின் லொக்கரில் சில பொருட்கள் இருக்கின்றன, எடுத்துப் போகலாம் என்றார்கள். ஒரு பின்னேரம் வேலை முடிந்து போனேன். சலவைப் பகுதி நிலக்கீழ்த் தளத்தில். மனைவியோடு பதினொரு வருடம் வேலை செய்த ஒரு பெண், அவளும் யாழ்ப்பாணம்தான், எனக்காகக் காத்து நின்றாள். செத்தவீட்டில் கண்டிருந்தேன். ஒரு பையை என்னிடம் தந்தாள். வேலைச் சப்பாத்து, ஒரு கம்பளிச் சட்டை, சாப்பாட்டுப் பெட்டி. பெட்டியைக் கழுவி வைத்திருந்தாள்.

போகாமல் நான் அங்கேயே நின்றேன். நீண்ட ஒடுங்கிய பாதை. ஒரு முனையில் துவைக்கும் இயந்திரங்கள், மறுமுனையில் உலர்த்தும் இயந்திரங்களும் லிஃப்ற்றும். சுவரோரமாக ஈர விரிப்புகள் நிரம்பிய வண்டில் ஒன்று நின்றது.

"உதைத்தானே அவ தள்ளுறது?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. அக்காட வண்டில்தான்."

"ஒருக்காத் தள்ளிப் பார்க்கட்டே?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "பாரம் அண்ணை. நனைஞ்ச துணி" என்றாள். பிறகு, "மெதுவாத் தள்ளுங்கோ. ஒரு சில்லு இழுக்கும்" என்றாள்.

இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்துத் தள்ளினேன். முதலில் அது அசையவில்லை. உடம்பைச் சரித்துக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. அந்தப் பாதையின் நீளம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. குளிர் ஜக்கெற்றுக்குள் முதுகு வியர்த்தது. நின்று என் வோச்சைப் பார்த்தேன். புறப்படும்போது என்ன அடிக்கணக்கு இருந்ததோ, அதைவிட நாலு அடிதான் கூடியிருந்தது. கலோரி ஒன்றோ இரண்டோ.

வண்டிலை விட்டுவிட்டு, கைகளை வீசிக்கொண்டு வந்த வழியே வெறுங்கையோடு திரும்பி நடந்தேன். அறுபது அடி. ஒன்றுவிடாமல் எண்ணியது.

திரும்பவும் தள்ளினேன். திரும்பவும் எண்ணவில்லை. கைபிடியில் இறுகிக் கிடக்கும் கை அசைவதில்லை. கை அசையாவிட்டால் அந்தக் கருவிக்கு மனிதர் சும்மா நிற்கிறார் என்று அர்த்தம். ஆனால் போர்க்லிஃப்ட்டில் இருந்து குலுங்குகிற என் கையை அது நாள் முழுக்க நடையென்று எண்ணியிருக்கிறது.

"ஒரு நாளைக்கு எத்தினை தரம் தள்ளுறனீங்கள்?"

"இருபது, இருபத்தைஞ்சு தரம் வரும்."

நான் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நிற்பதை அவள் கவனித்தாள்.

"அக்காவும் உப்பிடித்தான் பார்ப்பா" என்றாள். "பிறகு ஒரு கையை எடுத்து வீசிக்கொண்டு, மற்றக் கையால மட்டும் தள்ளுவா. அப்பத்தானாம் உது எண்ணும். இவ்வளவு பாரத்தை ஒரு கையால தள்ளாதேங்கோ அக்கா, தோள் போயிடும் எண்டு நான் எத்தினையோ தரம் சொன்னனான். வீட்டில ஒரு ஆள் கணக்குப் பார்க்கும் எண்டு சொல்லிச் சிரிப்பா."

"எந்தக் கையால தள்ளுவா?"

"வோச் கட்டின கை வலது. அப்ப இடது கையாலதானே தள்ளியிருப்பா."

அவள் அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது இறந்துபோன சிநேகிதியைப்பற்றிய ஒரு சிரிப்பான ஞாபகம். சொல்லும்போது கண் கலங்கினாள், சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பையை எடுத்துக்கொண்டு காருக்கு வந்து, எஞ்சினைப் போட்டு, கண்ணாடியில் படிந்த பனி உருகும்வரை இருந்தேன். உருகிய பிறகும் இருந்தேன்.

அந்தத் தோள் நோவு இதயத்தின் நோவா, வண்டிலின் நோவா? இதயத்தின் நோவென்றால் நாங்கள் இருவருமாக அதை வண்டிலின் தலையில் போட்டுவிட்டு இருந்திருக்கிறோம். வண்டிலின் நோவென்றால் அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் நிற்கிறேன். எங்கள் குடும்ப டொக்ரரிடம் பிறகு ஒரு நாள் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நேர்மையான மனிதர். என்னை ஆறுதற்படுத்த ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு என் வோச்சை நான் கட்டவில்லை. ஆனால் அவளுடைய எண்ணைப் பார்ப்பதை விடவில்லை. முன்னர் அதைப் பார்க்கும்போது அவள் எங்கோ இருக்கிறாள் என்ற ஒரு மூடத்தனமான இதம் இருந்தது. சலவைப் பகுதிக்குப் போய்வந்த பிறகு அது போய்விட்டது. இப்போது அவள் எனக்காகத்தான் எரித்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. போதுமா, போதுமா என்று கேட்பதுபோல.

பங்குனியில் அவளுடைய பிறந்தநாள் வந்தது. இருந்திருந்தால் ஐம்பத்தேழு. மகள் லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் கோயிலுக்குப் போய் அவளுடைய பெயருக்கு அர்ச்சனை செய்தோம். இறந்தவருக்கு அர்ச்சனை செய்வது வழக்கமில்லை என்று தெரிந்தும் செய்தோம். ஐயர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மறுநாள் காலை போனைத் திறந்து நேற்றைய மொத்தத்தைப் பார்த்தேன்.

ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து.

ஐந்து குறைந்திருந்தது. நாலு மாதமாக ஒன்றுகூட மாறாத எண். அவளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுக்கு இனி என்ன நடக்க இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. மகளை அழைத்தேன். அவள் முதல்நாள் இரவு எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். கீழே தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். மேலே ஓடி வந்தாள்.

"அம்மாவுக்குக் குறைஞ்சிட்டுது" என்று போனை நீட்டினேன்.

என்ன குறைந்தது, எதைப்பற்றிச் சொல்கிறீர்கள் என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்கவில்லை. போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் இருந்தாள்.

"பன்னிரண்டு பதினைஞ்சு. நானும் பார்த்தனான், அப்பா."

"நீயும் பார்க்கிறனியே?"

"எவ்ரி டே. வேலைக்குப் போற ட்ரெயின்ல."

பிறகு அவள் எனக்கு அதை விளக்கினாள். ஒருவர் அசையாமல் படுத்துக் கிடந்தாலும், மூச்சுவிடவும் இரத்தம் ஓடவும் உடம்பு இவ்வளவு எரிக்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். நிறை, உயரம், வயது, ஆணா பெண்ணா, இவ்வளவும் தெரிந்தால் போதும். இதற்கு வோச் எதையும் அளப்பதில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு கூட்டிக்கொண்டே போகும். ஒரு வயது கூடினால் கொஞ்சம் குறைக்கும்.

"அம்மாவுக்கு நேற்று ஐம்பத்தேழு ஆயிட்டுதெல்லே. அதுதான் அஞ்சு குறைஞ்சது. இட்ஸ் ஜஸ்ற் எ ஃபோர்முலா."

"அப்ப எனக்கு?"

"நீங்கள் ஆம்பிளை, நிறை கூட. நாள் முழுக்கப் படுத்திருந்தாலும் உங்களுக்கு ஆயிரத்து அறுநூறு மட்டில காட்டும்."

அந்த வியாழக்கிழமை நாலு மணிவரை நான் சோபாவில் கிடந்து எரித்த ஆயிரத்து இருநூறில் பெரும்பகுதி இதுதான். அதை அவளிடம் நீட்டித்தான் நடக்க வரச் சொல்லியிருக்கிறேன்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கட்டில் அவள் இருந்தது, நான் சொன்னது, அவள் பதில் சொன்னது, குளத்தைச் சுற்றி நடந்தது, தைலம், ஒற்றைக் கையால் தள்ளியது. இடையில் நிறுத்தாமல் சொன்னேன். சொல்லி முடித்தால் அவள் எழுந்து போய்விடுவாள் என்று ஒரு பயம் இருந்தது. போனாலும் பரவாயில்லை என்றும் இருந்தது.

அவள் போகவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை.

"அம்மா என்னட்டைக் கேட்டவ" என்றாள். "ஏன் அப்பாவுக்கு மட்டும் எப்பவும் கூடக் காட்டுது எண்டு. ஒரு நாள் லஞ்ச் டைம்ல கோல் எடுத்துக் கேட்டவ. நான் பிசியா இருந்தனான். அது அப்பிடித்தான் அம்மா, டோன்ற் வொறி எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். ரெண்டு நிமிசம் காணும், அப்பா, உதைச் சொல்லுறதுக்கு. சொல்லியிருந்தால் அவ வண்டிலில இருந்து கையை எடுத்திருக்க மாட்டா."

"நீ என்ன செய்வாய், பிள்ளை."

"வாங்கித் தந்ததே நான்தானே."

கீழே அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. கேத்திலின் அடி கருகும் மணம் வந்த பிறகுதான் இருவரும் எழுந்தோம். அவள் யன்னலைத் திறந்தாள். வெளியே இன்னும் குளிர்.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கணக்கை மூடிவிடலாமா என்று அவள் கேட்டாள். இரண்டு தட்டுத் தட்டினால் போய்விடும் என்றாள். கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதிதான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. மதியத்தில் நான் பக்கத்தைத் திறக்கும்போது, ரயிலில் அவளும் இதைத்தான் பார்த்திருப்பாள் என்ற நினைப்பும் சேர்ந்து வந்தது. சில நாள் அவளை அழைத்து வேறு ஏதாவது கதைப்பேன். சமைத்தாயா, பனி கொட்டுகிறதா என்று. அந்த எண்ணைப்பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை.

ஆனியில் மனைவியின் போன் இணைப்பை நிறுத்தினேன். துக்கம் விசாரிக்கிறவர்கள் எப்போதோ ஓய்ந்திருந்தார்கள். கடையில் வேலை செய்த பெடியன் எதையோ அழுத்தி, போனை ஒரு தரம் நிறுத்தி மீண்டும் போட்டுத் தந்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் செயலி கடவுச்சொல்லைக் கேட்டது. என் போனில் குடும்பப் பக்கத்தில் அவளுடைய பெயருக்கு நேரே ஒரு கோடுதான் கிடந்தது. அவளுடைய பிறந்த திகதியைப் போட்டுப் பார்த்தேன். மகளின் பிறந்த திகதியையும் போட்டேன். எங்கள் கலியாணத் திகதியையும் போட்டேன், அதுவாக இருக்காது என்று தெரிந்தே. மூன்றும் பிழை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது சொன்னேன். அவள் மரக்கறிப் பைகளை மேசையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும், அப்பா. நான்தானே போட்டுக் குடுத்தனான்" என்றாள். "வேணுமே?"

அவள் ஒரு பூசணித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றாள்.

"வேண்டாம். உன்னட்டை இருக்கட்டும்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் பூசணியைக் கழுவத் திரும்பினாள். அவள் அதை இப்போதும் ரயிலில் திறந்து பார்க்கிறாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.